பனிக்கரடியாரின் இருபத்தாறு டிகிரி

"இந்த வீட்ல இனிமே இருபத்தாறு டிகிரி. அதுல அரை டிகிரி குறைஞ்சாலும் நான் மனுஷனே இல்ல."

பனிக்கரடியார் இப்படிச் சபதம் போட்ட இடம் குளியலறை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் போட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் சபதம் வெளியே கேட்காது. வீரத்துக்கும் ஒரு முன்ஜாக்கிரதை வேண்டாமா?

பனிக்கரடி என்பது வேலை பார்க்கிற இடத்தில் வைத்த பட்டப்பெயர். குளிர்பதனக் கிடங்கில் மைனஸ் பதினெட்டு டிகிரியில் உறைந்த பெட்டிகளை இறக்கி அடுக்குவது அவர் உத்தியோகம். கம்பெனி கொடுத்த தடிக் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் ஆடி அசைந்து வந்தால் பார்க்கிறவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது. ஒரே ஒரு வித்தியாசம். பனிக்கரடிக்குக் குளிராது, இவருக்குக் குளிரும். கிடங்கில் குளிர்ந்தால் சம்பளம் தருகிறார்கள், தொலையட்டும். சொந்த வீட்டில் எதற்காகக் குளிர வேண்டும்? நியாயமான கேள்விதான். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

ஏனென்றால் அவர் மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவள். இருநூற்று முப்பது டிகிரி அடுப்பின் வாயில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறாள். அங்கே எல்லாரும் அவளை மேஸ்திரியம்மா என்பார்கள். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஜன்னலைத் திறப்பாள். சுவர் ஹீட்டரின் திருகைப் பதினெட்டில் நிறுத்தி, அது அசையாமல் இருக்க மேலே பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தாள். ஒருநாள் பனிக்கரடியார் அந்தப் பிளாஸ்திரியை வெந்நீர் தொட்டு நைசாக உரித்து, திருகை ஒரு கோடு நகர்த்தி, மறுபடி ஒட்டி, ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியம்மா வாசலில் நின்றபடி ஒரு கன்னத்தை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"பத்தொன்பதரை," என்றாள். அவ்வளவுதான். பேப்பருக்குப் பின்னால் இருந்த முகம் சுருங்கிப்போயிற்று.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஓணான் வந்து சேர்ந்தது.

கிடங்குக் கணக்கருக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகிற இடத்தில் வளர்ப்புப் பிராணி கூடாதாம். தன்னுடைய தாடி ஓணானைக் கண்ணாடிப் பெட்டியோடு பனிக்கரடியார் தலையில் கட்டிவிட்டார். ஒரு முழ நீளம் இருக்கும். தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி. "வெயில் ஊர்ப் பிராணி, சூடு இல்லாட்டி தின்னது செரிக்காது. பழைய தெர்மோஸ்டாட் புட்டுக்கிச்சு, புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க," என்றார் கணக்கர். மற்றவர்கள் இதைக் கேட்டுத்தான் ஓணானை வேண்டாம் என்றார்கள். பனிக்கரடியார் இதைக் கேட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார். சூடு கட்டாயம் வேண்டும் என்று அடம் பிடிக்க வீட்டில் இன்னொரு உயிர் கிடைத்துவிட்டதே.

மேஸ்திரியம்மா பெட்டியைச் சுற்றி ஒரு நடை வந்தாள்.

"என்னங்க இது?"

"ஓணான்."

"அது தெரியுது. ஏன்னு கேட்டேன்."

"பாவம், அநாதை."

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டாராம் ஒருத்தர்."

"நான் பெட்டிக்குள்ளதானே விட்டிருக்கேன்."

"பெட்டியை யார் கழுவறது?"

"நான்தான்."

"தீனி?"

"அதுவும் நான்தான்."

"என்ன திங்கும்?"

"கீரை திங்கும். காய் திங்கும்." பனிக்கரடியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பப்ப கொஞ்சம் புழு. உயிரோட."

மேஸ்திரியம்மா ஓணானைப் பார்த்தாள். அது ஒரு கண்ணை மட்டும் மெதுவாக மூடித் திறந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு. அதோட சூடு அதோட பெட்டிக்குள்ளதான் இருக்கணும். சூடு வெளிய வந்துச்சு, ஓணானும் வெளிய, நீங்களும் வெளிய."

"அது எப்படி வெளிய வரும்?" என்றார் பனிக்கரடியார். எப்படி வெளியே வரவழைப்பது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஊர்வன விற்கிற கடைக்குப் போனார். கல்லாப் பக்கத்தில் ஒரு ஆமை பழைய பேப்பரைத் தின்றுகொண்டிருந்தது. கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தாள்.

"தெர்மோஸ்டாட் வேணும். நல்ல பவரா."

"பவர் ஹீட்டருக்குங்க. தெர்மோஸ்டாட்டுக்கு புத்திதான் வேணும். முதல்ல எந்த ஹீட்டர்னு சொல்லுங்க."

"எத்தனை இருக்கு?"

"அடியில விரிக்கிற சூட்டுத் திண்டுன்னா இந்த ஆன்-ஆஃப் போதும். சூடு ஏறுச்சா, பட்டுனு நிறுத்தும். இறங்குச்சா, பட்டுனு போடும். பல்புக்கு இதைப் போடக்கூடாது, மினுக்கி மினுக்கிப் பல்பும் போயிடும், ஓணானுக்கும் பைத்தியம் பிடிச்சுடும். பல்புக்கு மங்கவைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டும். மூணாவது, வெளிச்சமே வராத பீங்கான் ஹீட்டர் இருக்கு, அதுக்கு விட்டு விட்டுக் கொடுக்கிறது."

வெளிச்சமே வராத சூடு. பனிக்கரடியாருக்கு உள்ளங்கை அரித்தது.

"பல்புக்கு ஒண்ணு கொடுங்க. அந்தப் பீங்கான்லயும் ஒரு செட்டு கொடுங்க."

"ஒரு ஓணானுக்கு எதுக்கு ரெண்டு?"

"ராத்திரி வெளிச்சம் இல்லாம சூடு வேணும்ல."

"அது சரிதான். சின்னதா ஒரு பீங்கான் போதும்."

"மூணு கொடுங்க. இருக்கறதுலயே பெரிசா."

"அது உடும்புக்குப் போடறதுங்க."

"எங்க ஓணான் நல்லா வளரும்," என்றார் பனிக்கரடியார், உடும்புப் பிடியாக.

கடைக்காரம்மா தெர்மோஸ்டாட்டிலிருந்து நீளுகிற மெல்லிய கம்பியை எடுத்துக் காட்டினாள். நுனியில் மிளகு சைஸில் ஒரு மூக்கு.

"எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம். இந்த மூக்கு எங்க இருக்கோ, அந்த இடத்தோட சூடுதான் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும். உலகத்துல வேற எதுவும் அதுக்குத் தெரியாது. இடம் மாறிச்சுன்னா எல்லாம் மாறிடும். பாத்து மாட்டுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பிறகு ஒரு அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். வகை: தாடி ஓணான். எடை: நானூறு கிராம். சூடு: வெயில் காயற இடத்தில் முப்பத்தெட்டு. குணம்: சீறும், கடிக்காது.

"இதைப் பெட்டி மேல ஒட்டிடுங்க. நீங்க இல்லாதப்ப பாத்துக்கிறவங்களுக்குத் தெரியணும்ல."

"சீறுமா?"

"சீறும். தாடி கறுத்து, உடம்பை உப்பிக்கிட்டு நிக்கும். கண்டுக்காதீங்க. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்."

பனிக்கரடியார் நேர்மையானவர். ஓணானுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பல்பை ஒரு மூலையில் மாட்டி, அதன் கம்பியை வெயில் காயும் கல்லின் மேல் பொருத்தி, முப்பத்தெட்டில் நிறுத்தினார். பீங்கான் மூன்றும்தான் வேறு கதை. அவற்றைக் கம்பிக் கூண்டுகளோடு பெட்டிக்கு வெளியே, பின்பக்கமாக, தன் நாற்காலியைப் பார்த்த மாதிரி தொங்கவிட்டார். பீங்கானுக்கான தெர்மோஸ்டாட்டின் மூக்கை நாற்காலிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார். இருபத்தாறில் வைத்தார். தெர்மோஸ்டாட்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த வாரம் மேஸ்திரியம்மா வீட்டுக்கு வர அவரைவிட இரண்டு மணி நேரம் தாமதமாகும். மூன்று நாள் பனிக்கரடியாருக்கு ராஜாங்கம்தான். பனியனோடு உட்கார்ந்தார். காலை நீட்டினார். விரல்கள் ஒவ்வொன்றாக அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தன. எலி வளையானாலும் தனி வளை என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் வருவதற்குக் கால் மணி முன்னால் எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னலை விரியத் திறந்து, கோட்டை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடுங்குவார்.

நாலாவது நாள் தூங்கிவிட்டார்.

"இருபத்தாறு," என்று ஒரு குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தார். மேஸ்திரியம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். இவர் பனியனோடு இருந்தார்.

"ஓணானுக்குத்தான்," என்றார் எழுந்து உட்கார்ந்து. "சுத்துப்புறச் சூடுன்னு ஒண்ணு இருக்காம். பெட்டிக்கு வெளியவும் இருபத்தாறு இருந்தாதான் அதுக்கு உள்ள நிம்மதியாம். கடைக்காரம்மா சொன்னாங்க."

"ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி."

"நம்பிக்கை இல்லேன்னா நீயே போய்க் கேட்டுக்க."

மேஸ்திரியம்மா குனிந்தாள். அவள் பார்வை பீங்கானிலிருந்து தெர்மோஸ்டாட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து கம்பியோடு கம்பியாக நாற்காலிக்கு வந்தது. நிமிர்ந்தாள்.

"சரி," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பனிக்கரடியார் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டார். அவள் கத்தினால் சமாளிக்கலாம். பேசாமல் சரி என்று சொன்ன போன தடவை அவளுடைய தம்பி மூட்டை முடிச்சோடு வந்து மூன்று மாதம் தங்கிவிட்டுப் போனான். ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டார். கேட்டாள், சொன்னேன், சரி என்று ஒப்புக்கொண்டாள். ஜெயிப்பது என்றால் இதுதானே?

மறுநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் இளஞ்சூடு பட்டது. மேஸ்திரியம்மா முன்னாலேயே வந்து சமையலறையில் இருந்தாள். பீங்கானை அணைக்கவும் இல்லை. பனிக்கரடியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோட்டைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்து கழுத்தில் உட்கார்ந்தது. தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். முப்பத்தொன்று என்று காட்டியது. முப்பத்தொன்றில் பல் கிட்டுமா? எழுந்து போய்த் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கி, விளக்கு எரிந்து, பீங்கான் சூடாயிற்று. அப்படி வா வழிக்கு என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி அணைந்தது.

முப்பதுக்கு ஏற்றினார். முப்பத்திரண்டுக்கு ஏற்றினார். அவர் நிற்கும்வரை எரிந்தது. உட்கார்ந்தால் அணைந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான் போலிருக்கிறது. குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. கம்பியும் அதற்குள்தான் போயிருந்தது.

"ஏங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மேஸ்திரியம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து.

"சும்மாதான்."

"உக்காருங்களேன்."

"உக்காந்தா குளிருது."

"நின்னா?"

"நின்னா குளிரல."

"அப்ப நில்லுங்க."

ஒரு வாரம் நின்றார். கிடங்கில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து வீட்டிலும் நின்றார். அவளிடம் யோசனை கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டார். அடுப்புக்காரியிடம் கேட்டுத்தான் ஒரு ஆண்பிள்ளை சூடு காய வேண்டுமா? கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றார். எதிரே ஓணான் முப்பத்தெட்டு டிகிரியில் கல்லின் மேல் மல்லாந்துவிடாத குறையாகப் படுத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சூடு போதுமென்றால் அது வாயைப் பிளக்கும். பனிக்கரடியாருக்கு அது சிரிக்கிற மாதிரித் தெரிந்தது.

விடுமுறை நாளில் தெர்மோஸ்டாட் பெட்டியை மட்டும் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"கெட்டுப்போனதை விக்கிறீங்க," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "நின்னா எரியுது. உக்காந்தா அணையுது. மனுஷன் மூஞ்சி பாத்து வேலை செய்யுது."

கடைக்காரம்மா தன்னிடமிருந்த வேறொரு கம்பியைச் செருகி, மூக்கை விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். எண் விறுவிறு என்று ஏறியது. விளக்கு அணைந்தது. விட்டாள். இறங்கியது. எரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு. உடம்புச் சூடு படுதுன்னா அது அணையத்தான் செய்யும். வீட்ல கம்பியை எங்க மாட்டியிருக்கீங்க?"

"நாற்காலிக்கு அடியில."

"ஓணான் நாற்காலியிலயா உக்காருது?"

பனிக்கரடியார் ஆமையைப் பார்த்தார். அது பேப்பரை மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"போன வாரம் உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க," என்றாள் கடைக்காரம்மா. "சுத்துப்புறச் சூடுன்னா என்னான்னு கேட்டாங்க. நான் அப்படி எதுவும் சொல்லலையேன்னேன். சிரிச்சாங்க. ஆமைக்கு ஒரு ரொட்டி கொடுத்துட்டுப் போனாங்க."

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. நேராக நாற்காலியைக் கவிழ்த்து டேப்பைப் பிய்த்தார். டேப்புக்குள் நுழைந்த கம்பி அங்கே நிற்கவில்லை. நாற்காலித் துணியில் ஒரு பொடி ஓட்டை வழியாக மேலே ஏறி, மெத்தைக்குள் போய், சரியாக அவர் உட்காருகிற இடத்தில், நகராமல் இருக்க இரண்டு தையலோடு உட்கார்ந்திருந்தது. ஒரு வாரமாக அவர் தன் உடம்புச் சூட்டாலேயே தனக்கு வருகிற சூட்டை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேஸ்திரியம்மா ஜன்னலோரம் காலை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இது யார் வேலை?"

"எங்க அடுப்புல ஒருநாள் கம்பி நழுவி ரொட்டித் தட்டு மேல விழுந்துடுச்சு. தட்டு சூடு, அதனால அடுப்பு போதும்னு நினைச்சு அணைஞ்சுடுச்சு. எல்லாம் பச்சை மாவு. அது ஞாபகம் வந்துச்சு."

"அதுக்கு? புருஷனைப் பச்சை மாவாக்கிடுவியா?"

"பெட்டிச் சூடு பெட்டிக்குள்ள இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

அவ்வளவுதான். பனிக்கரடியாருக்குக் கோபம் எங்கிருந்தோ வந்தது. முகம் கறுத்தது. மார்பு உப்பியது. கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடு அறையில் நின்றார்.

"ஆமா, ஓணான் பேர்ல எனக்காகத்தான் மாட்டினேன். என்ன இப்போ? நாள் பூரா ஐஸ்ல நிக்கறேன். வீட்டுக்கு வந்தா சட்டைப் பித்தான் கழட்ட விரல் மடங்க மாட்டேங்குது. எனக்குக் குளிருது. என் வீட்ல எனக்குக் குளிருது. இதைச் சொல்ல நான் ஏன் பயப்படணும்? இன்னைக்குச் சொல்றேன், இருபத்தாறு இல்லாம இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். இது என் வீடு. இது என் நாற்காலி. இது என் ஓணான்."

மேஸ்திரியம்மா கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள். பேச்சு நின்றது. மூச்சு வாங்கியது. மார்பு மெல்ல இறங்கியது. அதன் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"விரல் மடங்கலேன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா? திருட்டுத்தனமா திருகை நகர்த்தறீங்க, ஓணானைக் கொண்டு வர்றீங்க. எனக்கு அடுப்புச் சூட்டுல உடம்பெல்லாம் வேக்குரு. இந்த ஜன்னல் காத்து ஒண்ணுதான் எனக்கு மருந்து. நானும்தான் சொன்னதில்ல."

பனிக்கரடியார் அவள் முழங்கையில் சிவப்புச் சிவப்பாக இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தார்.

"எவ்வளவு வேணும் உங்களுக்கு?"

"இருபத்தாறு," என்றார். குரலில் பழைய உறுமல் இல்லை.

"முப்பதாவே தரேன். நாளைக்கு."

அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தாறு கேட்டார், முப்பது கிடைத்தது. எதிர்த்து நின்று பேசினால் என்ன நடக்கும் என்று இப்போதாவது தெரிந்ததா? மறுநாள் கிடங்கில் நாலு பேரைப் பிடித்து நிறுத்தி, வீட்டில் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும் என்று புத்திமதி சொன்னார். அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

மாலையில் கதவைத் திறந்தார். அதே பதினெட்டு. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மூன்று பீங்கானையும் காணோம்.

"எங்க என் முப்பது?"

"நாற்காலியில. ரூமுக்கு எதுக்குச் சூடு? ரூமுக்கா குளிருது?" என்றாள் மேஸ்திரியம்மா. "மருந்துக்கடையில முதுகுவலிக்கு விக்கற சூட்டுத் திண்டு வாங்கி மெத்தைக்கு மேல விரிச்சிருக்கேன். உங்க பீங்கானையெல்லாம் கொடுத்து ஆன்-ஆஃப் ஒண்ணு மாத்திக்கிட்டு வந்தேன். திண்டுக்கு அதுதான் சரியாம். மூக்கைத் திண்டுக்கு அடியில வச்சிருக்கேன், இந்தத் தடவை உங்க உடம்பு அதுல படாது."

"நான் என்ன ஓணானா? உக்காரமாட்டேன்."

"உங்க இஷ்டம்."

உட்காரவில்லை. ஜன்னல் காற்றில் இருபது நிமிஷம் விறைப்பாக நின்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். அப்புறம் கால் வலிக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை, நாற்காலியின் நுனியில் கொஞ்சமாக உட்கார்ந்தார். பிறகு முழுசாக உட்கார்ந்தார். முதுகு வழியாகச் சூடு ஏறிக் கழுத்துக்கு வந்து விரல் நுனிவரை இறங்கியது. பட்டென்று நின்றது. பட்டென்று வந்தது. மேஸ்திரியம்மா ஜன்னலோரம் காற்று வாங்கினாள். ஓணான் கல்லின் மேல் வாயைப் பிளந்திருந்தது. பனிக்கரடியாருக்கும் கண் செருகி, வாய் மெல்லத் திறந்தது.

சாயலாம் என்று தலையைத் திருப்பியபோதுதான், நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த அட்டை கண்ணில் பட்டது. கடைக்காரம்மா எழுதித் தந்த அதே மாதிரி அட்டை. எழுத்து மட்டும் மனைவியுடையது.

வகை: வீட்டுக்காரர். எடை: எழுபத்தாறு கிலோ. சூடு: முப்பது. குணம்: சீறும், கடிக்காது.